தோற்றவர் போட்ட கையெழுத்து

தேர்தல் வேலையில் மாட்டிக்கொண்ட ஆசிரியப் பெருமக்களே, உங்கள் கஷ்டம் மெஷினோடு போயிற்று; எனக்கு வாய்த்ததோ வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு மொழிபெயர்ப்பு. ஜனநாயகம் இன்னும் காலூன்றாத நாடுகளுக்குத் தேர்தல் நடத்தக் கற்றுத்தருவதும் நம் வெளியுறவுக் கொள்கையாம். அங்குள்ள அதிகாரிகளை வரவழைத்து நம் வாக்குச்சாவடிகளைச் சுற்றிக் காட்டுகிறார்கள். மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் என்பதால் என்னைப் பிடித்துப் போட்டார்கள். மாநகராட்சித் தேர்தலுக்கு வந்தவர் எஸ்தர் என்ற பெண் அதிகாரி, ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாட்டுக்காரர்.

பலூன் சாவடி

விருந்தாளிக்கென்றே ஆரப்பாளையம் பக்கம் ஒரு சாவடியை ஜோடித்து வைத்திருந்தார்கள். பலூன், பந்தல், புதுப் பெயின்ட் வாசனை. எஸ்தர் எல்லாவற்றையும் மரியாதைக்குப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்ற ஒரு பெரியவரிடம், இந்த வெயிலில் ஏன் வந்தீர்கள் என்று கேட்கச் சொன்னார்.

"வராட்டி நான் செத்துட்டேன்னு லிஸ்ட்ல அடிச்சிருவாங்யம்மா" என்றார் பெரியவர். நான் மொழிபெயர்த்தும் எஸ்தர் சிரிக்கவில்லை. என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எங்கள் ஊரில் செத்தவர்களும் வந்து ஓட்டுப் போடுகிறார்கள்."

ஒரே சாப்பாட்டுப் பொட்டலம்

அடுத்த சாவடிக்குப் போகும்போது செல்லூர் சந்து ஒன்றில் எங்கள் கார் சிக்கிக்கொண்டது. முன்னால் தறிக்குப் பாவு நூல் ஏற்றிய வண்டி, பின்னால் ஷேர் ஆட்டோ. காத்திருந்த நேரத்தில்தான் எஸ்தர் விஷயத்தைச் சொன்னார். போன தேர்தலில் தோற்ற கட்சிக்காரர்கள் ஓட்டு எண்ணிய கட்டடத்தைக் கொளுத்திவிட்டார்கள். உள்ளே இருந்த அவருடைய தம்பி வெளியே வரவில்லை. அடுத்த தேர்தலை இவரையே நடத்தச் சொல்கிறது அரசாங்கம். ஊர் திரும்பியதும் பதில் சொல்ல வேண்டும்.

பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஓட்டுப்பதிவு நடந்துகொண்டிருந்தது. இறங்கி உள்ளே போனோம். எதிரெதிர்க் கட்சி ஏஜென்டுகள் இருவர் ஒரே பொட்டலத்தைப் பிரித்துத் தக்காளி சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் அப்படியே நின்றுவிட்டார். எதிர்க் கட்சிக்காரரோடு சேர்ந்து சாப்பிட எப்படி முடிகிறது என்று அவர்களிடமே கேட்டேன். ஒருவர் வாயில் சோற்றோடு சொன்னார்: "சண்டை போட அஞ்சு வருஷம் கெடக்கு டீச்சர். சாப்பிட அரை மணி நேரந்தான் இருக்கு."

பதினோரு ஓட்டு

எண்ணிக்கை நாளன்று அதே செல்லூர் வார்டின் மேஜைக்குத்தான் போக வேண்டும் என்று எஸ்தர் பிடிவாதமாகச் சொன்னார். வித்தியாசம் பதினோரு ஓட்டு. தோற்றவர் நடுத்தர வயசுக்காரர், தறி வைத்திருப்பவர். "இன்னொருக்கா எண்ணுங்க" என்றார். எண்ணினார்கள். பதினோரு ஓட்டுத்தான்.

அவருடைய ஆட்கள் வாசலில் கத்த ஆரம்பித்தார்கள். எஸ்தர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். தோற்றவர் எழுந்து வாசலுக்குப் போய், "போதும்டா, வீட்டுக்குப் போங்க" என்றார். திரும்பி வந்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார், முடிவுத் தாளில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். எத்தனையோ தேர்தலில் இதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது.

பேனாவை மூடியவர், மாலையோடு நின்ற ஜெயித்தவரைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டாவது சந்துல சாக்கடை அடைச்சுக் கெடக்கு மாப்ள. நாளைக்கே வந்து பாரு."

விமான நிலையத்தில்

வழியனுப்பப் போனபோது எஸ்தரிடம் கேட்டே விட்டேன், என்ன பதில் சொல்லப் போகிறீர்கள் என்று. நடத்தப் போகிறேன் என்றார். பயமாக இருக்கிறது என்றும் சொன்னார். உங்கள் ஊரில் தேர்தல் பயிற்சியை எங்கிருந்து ஆரம்பிப்பீர்கள் என்று டீச்சர் புத்தியில் அடுத்த கேள்வியைப் போட்டேன்.

"வேட்பாளர்களிடமிருந்து. ஓட்டுப் போட எங்கள் மக்களுக்குத் தெரியும், தோற்கத்தான் யாரும் சொல்லித்தரவில்லை" என்றார்.

ஜனநாயகத்தை டெல்லி ஏற்றுமதி செய்கிறது என்று பேப்பரில் போடுகிறார்கள். சரக்கு ஏறுவது செல்லூரில் என்பது செல்லூருக்கே தெரியாது.