மலை தின்னாத டயர்

புல்லட் வண்டிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். ரோட்டில் எவனாவது டப டப என்று போனால், நாசமாய்ப் போக என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். அந்தப் பையன் எனக்கு என்ன கெடுதல் செய்தான் என்று பிறகுதான் தோன்றும்.

எங்கள் வீட்டுக்காரர் அந்த வண்டியை வாங்கியது பச்சை இலைக்கு நல்ல விலை கிடைத்த காலத்தில். குன்னூர் மலையில் ஜெகதளா பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. அது போக, அக்கம்பக்கத்தில் இலை வாங்கி ஃபேக்டரிக்குக் கொடுக்கும் ஏஜென்ட் வேலை அவருக்கு. சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாலே, எது முற்றல், எது நேற்றுப் பறித்தது என்று சொல்லிவிடுவார். யாராலும் அவரை ஏமாற்ற முடியாது. ஏமாற்றுவதில் அவர் எப்படி என்பது எனக்குத்தான் தெரியாமல் போனது.

பிறகு விலை விழுந்தது. பறிகூலி கொடுத்துவிட்டால் கையில் ஒன்றும் நிற்காது. லோடோடு போன இலையை ஃபேக்டரி வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஆண்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள். எங்களுக்குக் கீழே என்றால் மேட்டுப்பாளையத்துக்கு அப்பால் இருக்கிற எல்லாமே. அவரும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்குப் போனார். போகிற வாரம் வண்டிக்கு இரண்டு டயரும் புதிதாகப் போட்டுக்கொண்டார்.

"சனிக்கிழமை ஆனா வந்துருவேன் புள்ள. மூணு மணி நேரம், அவ்வளவுதானே" என்றார்.

இரண்டு மாதம் வந்தார். அப்புறம் மாதம் ஒரு தடவை, அதுவும் பஸ்ஸில். மளிகைக் கடை போனில் கேட்டால் டயரைத்தான் சொல்வார்.

"டயரு மொட்டையாயிருச்சு புள்ள. மலை ஏறி ஏறியே தேஞ்சு போச்சு. மழையில பர்லியார் வளைவுல வழுக்குனா நான் போய்ச் சேர்ந்துருவேன். அப்பறம் உனக்கு ஆரு இருக்கறா?"

இப்படிச் சொன்னால் எந்தப் பெண்டாட்டி வா என்று கூப்பிடுவாள்? நான் நம்பினேன். மலைக்காரர்கள் யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். மலைதான் டயரைத் தின்னும் என்பது எங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த சங்கதி. நேர் ரோட்டில் டயர் தேயும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றாது. டயர் மட்டும் மாறிவிட்டால் மனிதர் பழையபடி வாராவாரம் வீடு வந்து சேர்வார் என்று நான் நினைத்தேன். முட்டாள், வேறென்ன.

எங்கள் தேயிலையை நானே பறித்தேன். அது முடிந்ததும் அடுத்தவர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனேன். காலைக் குளிரில் விரல் மடங்காது. ஈரச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்கவேண்டும். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தானே சோறு போட்டுச் சாப்பிட்டாள். அப்படிச் சேர்த்ததை வைத்துக்கொண்டு அவருக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, டயருக்கு நான் தர்றனுங்க. மழை விட்டிருக்குது, வண்டிய எடுத்துட்டு வாங்க."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தார். இரண்டு பேருமாகக் குன்னூருக்குப் போனோம். பழைய டயரைப் போட்டுக் கொடுத்த அதே கடை. கடைக்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய டயரைத் தடவிப் பார்க்காமல் புதிய டயரைக் கையில் எடுக்கமாட்டார். வண்டியை நிறுத்திவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தார். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி உள்ளங்கையால் தடவினார்.

"ஏனுங்க, வண்டி மலையில ஓடலீங்களா?"

"மலையிலதானுங்க தேஞ்சுது" என்றார் இவர்.

"இல்லீங்க. மலையில ஓடுனா வளைவுல சாஞ்சு சாஞ்சு ரெண்டு ஓரமும் தேயும். இங்க பாருங்க, ஓரம் புதுசாட்டவே இருக்குது. நடு மட்டும் தட்டையாப் போயிருச்சு. இது நேர் ரோட்டுல நெடுந்தூரம் ஓடுன டயருங்க." அதோடு விட்டிருக்கலாம். சிரித்துக்கொண்டே, "கன்னியாகுமரி வரைக்கும் போயிட்டு வந்தீங்களாட்ட இருக்குது" என்றார்.

இவர் சிரிக்கவில்லை. நான் குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். ஓரத்து ரப்பர் பட்டன்கள் விரலில் குத்தின. நடுவில் வழவழவென்று இருந்தது.

"எங்க போனீங்க?"

"கம்பெனிப் பசங்க கூப்புட்டாங்க. ராமேஸ்வரம் போனோம். கன்னியாகுமரி ரெண்டு வாட்டி. லீவு கெடச்சா எங்காச்சும்…"

"என்கிட்ட மழையில வழுக்கும்னீங்களே?"

"கடையில வெச்சுக் கத்தாதே புள்ள. மனுசனுக்கு ஒரு மாத்தம் வேண்டாமா? மேல வந்தா என்ன இருக்குது? இலை, இலை வெல, உன்ற மூஞ்சி."

அடப்பாவி மனுஷா! வேறொருத்தி இருக்கிறாள் என்று சொல்லியிருந்தாலாவது சண்டை போட எனக்கு ஓர் ஆள் கிடைத்திருப்பாள். இவர் வெறும் ரோட்டுக்காக எங்களை விட்டிருந்தார்.

கடைக்காரர் பாவம், தப்பாகப் பேசிவிட்டோம் என்று பதறிப்போய் இரண்டு டயரை எடுத்து உருட்டிக்கொண்டு வந்தார். "மலைக்குன்னா இது, கட்டை பட்டன். நேர் ரோட்டுக்குன்னா இந்தக் கோடு போட்டது. நல்லா உழைக்கும், ஆனா ஈரத்துல மலை ஏறுனா பிடிக்காதுங்க. எதப் போடட்டுமுங்க?"

இவரைப் பார்த்துத்தான் கேட்டார். இவர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கோடு போட்டதே போடுங்க" என்றேன் நான். "ரெண்டு சக்கரத்துக்கும்."

இவர் மறுக்கவேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். வேண்டாம், மலை டயரே போடுங்க என்று ஒரு வார்த்தை வந்திருந்தால், ராமேஸ்வரத்தையும் கன்னியாகுமரியையும் அங்கேயே மறந்திருப்பேன். சக்கரத்தைக் கழற்றி, கம்பியை விட்டு நெம்பி, டியூபை எடுத்து, புது டயரை ஏற்றி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் காத்திருந்தேன். இவர் டீ குடித்தார். எனக்கும் ஒரு டீ சொன்னார். கடைசியில் கடைக்காரர் காற்றடிக்கக் குழாயை எடுத்தபோதுதான் இவர் வாயைத் திறந்தார்.

"காத்துச் சரியா வெச்சுருங்க. விடியால வெகுதூரம் போகோணும்."

நான் இலை பறித்துச் சேர்த்ததை கடை மேசைமேல் வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.