கண்டாவளையில் ஒரு நோர்வே நாய்

கண்டாவளைச் சந்தியில் பஸ் நிற்கிறது; தேத்தண்ணி குடிக்க இறங்குகிறேன். தேத்தண்ணிக் கடை வாசலில், கம்பளி போர்த்ததுபோல ரோமம் அடர்ந்த ஒரு நாய் வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டுக் கிடக்கிறது. நோர்வே வேட்டை இனமாம். கடலோர முல்லைத்தீவாருக்கு மீன்பிடிக்கப் படிப்பிக்க வந்த வெள்ளைக்காரர், ஊர் திரும்பும்போது கமக்காரர் செல்லையாவிடம் விட்டுப் போயிருக்கிறார். முல்லைத்தீவார் அதுவரை மீனைக் கண்ணாலும் கண்டதில்லை போலும்.

"குணம் எப்பிடி, அண்ணை?" என்று கடை வாங்கில் இருக்கும் செல்லையாவைக் கேட்கிறேன்.

"தங்கம். பிள்ளையள் வாலிலை தொங்கினாலும் கடியாது. வயலுக்கை காட்டுப்பண்டி வந்தால் மட்டும் விடாது. முன்னாலை நிண்டு குரைச்சு, அசையவிடாமல் மறிச்சு வைச்சிருக்கும்."

படித்தவன் சும்மா இருக்கலாமா? "அதுதான் அண்ணை அதின்ரை பரம்பரைத் தொழில். எசமான் துவக்கோடை வந்து சுடுமட்டும் மறிச்சு வைக்கும்."

"என்னட்டைத் துவக்கில்லையே, தம்பி. எங்கடை ஊர்நாயெண்டால் கலைச்சு விட்டிருக்கும். இது மறிக்க மறிக்க, பண்டி ஆறுதலாய் நிண்டு நெல்லைத் தின்னுது. அரைவாசி வயல் போச்சுது."

பஸ் உறுமுகிறது. நாய் பாய்ந்தோடி அதன் முன்னால் நின்று குரைக்கிறது. சாரதி ஹோர்ன் அடித்தே களைக்கிறார், பஸ் அசையவில்லை. நாயைக் கூப்பிடச் சொல்லி எல்லாரும் செல்லையாவைப் பார்க்கிறோம்.

அவர் தேத்தண்ணியை ஆற்றுகிறார்.

"பஸ் நெல்லுத் தின்னாது. நிக்கட்டும்."