பெட்ரோல் மூடியில் இறுகிய கிரீஸ்

அக்காவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாள். காலை மடக்காமல் நீட்டி உட்கார வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் ஆட்டோ ஒத்துவராது. வாடகைக் கார் பிடிக்கலாம் என்றேன். அக்காவின் கணவர் கேட்கவில்லை. துறைமுகத்தில் கிரேன் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றபின் மாமா ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். "அவள நம்ம வண்டிலதான் இட்டாருவேன்" என்று வார்டில் எல்லோர் முன்னாலும் சொல்லியும் விட்டார்.

காலடிப்பேட்டையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே பெட்ரோல் விளக்கு எரிந்தது. பங்க்கில் நிறுத்தி, இருக்கைக்குப் பக்கத்திலிருந்த லீவரை மாமா இழுத்தார். பின்னால் பெட்ரோல் மூடி அசையவில்லை. மறுபடியும் இழுத்தார்.

பின்னால் நின்ற ஆட்டோக்காரர் தலையை நீட்டினார். "இன்னா நைனா, பூட்டிட்டு சாவிய கடல்ல போட்டியா?"

பெட்ரோல் போடும் பெண் சிரிக்கவில்லை. "ஓரமா தள்ளிக்கோண்ணே. தொறந்தா ஊத்துறேன்."

தள்ளினோம். மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியது. "கேபிள் அறுந்துட்ச்சி மச்சான். அவ அங்க கிளம்பி ஒக்காந்துகினு இருப்பா" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். நெம்பினால் தகடு வளைந்துவிடும்.

"இருங்க மாமா. நீங்க உள்ள ஒக்காந்து மெதுவா இழுங்க."

உள்ளங்கையை மூடியின்மேல் வைத்துக்கொண்டேன். அவர் இழுத்தபோது தகட்டுக்கு அடியில் ஏதோ விலகியது. விட்டதும் திரும்பி வந்தது. ஆக, கேபிள் அறுந்துபோகவில்லை. தாழும் நகர்கிறது. மூடிதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவரிடம் லீவரை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் செருகி மேலும் கீழும் நகர்த்தினேன். பிசின் விடுவதுபோல் மூடி விலகியது.

கீலைச் சுற்றித் தார்போலக் கறுத்திருந்தது, கிரீஸ்.

சனிக்கிழமைதோறும் மாமா காரில் இரும்பு தெரிகிற இடமெல்லாம் கிரீஸ் தடவுவார். உப்புக்காற்றில் கிரேனின் இரும்புக் கயிறுகளைக் காப்பாற்றிய பழக்கம். கயிறு நாள் முழுக்க ஓடும், கிரீஸ் இறுகாது. இந்த மூடி எப்போதாவதுதான் திறக்கும். எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து காற்றில் வரும் சாம்பல் அதில் படிந்து, வெயிலில் காய்ந்து, அதன்மேல் அடுத்த வாரத்துக் கிரீஸ் ஏறியிருந்தது.

மாமா இறங்கி வந்து குனிந்து பார்த்தார். "நான்தான் இத்த ஒட்டிக்கீறேன்."

"துரு ஒரு பொட்டுகூட இல்ல, பாத்தீங்களா?"

அதுவும் உண்மைதான். எங்கள் தெருவில் மற்ற கார்களின் மூடிகள் ஓரம் அரித்துக் கிடக்கின்றன. அவர் கைக்குட்டையால் விளிம்பு முழுக்கத் துடைத்தார். பிறகுதான் பெட்ரோல் போட்டோம்.

வண்ணாரப்பேட்டையில் ஆஸ்பத்திரி வாசலிலேயே அக்கா சக்கர நாற்காலியில் காத்திருந்தாள். முன் இருக்கையை முழுக்கப் பின்னால் தள்ளி, அவள் காலை மாமா இரண்டு கைகளாலும் ஏந்தி உள்ளே வைத்தார். புடவையில் கறுப்பாக விரல்கள் பதிந்தன.

"இன்னாய்யா கை இது? இன்னிக்குமா தடவுன?"

"இல்லமே. தடவுனத தொட்ச்சிட்டு வரேன்."

அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப செரி, குலுக்காம ஓட்டு" என்று காலை நீட்டிக்கொண்டாள்.