அலாரம் அடித்தால் பஸ் நிற்குமா?

புளியமரத்திலிருந்து விழுந்து முதுகில் நரம்பு போனபின், சிறுநீர் முட்டுவதே எனக்குத் தெரியாது. நான்கு மணி நேரத்துக்கொரு முறை செல்போன் அலாரம் அடிக்கும். நானே டியூப் போட்டு எடுக்க வேண்டும். தவறினால் கிட்னிக்கு ஆபத்து.

இன்று சித்தேரி பஸ் பஞ்சராகி, தாமதமாக மலையிறங்கும்போது அலாரம் அடித்துவிட்டது. அவசரமாக ஒதுங்கணும், பஸ்ஸை நிறுத்துங்க என்றேன்.

“அரூர் போயிரலாங்க, கொஞ்சம் அடக்கிக்கங்க” என்றார் கண்டக்டர்.

தெரியாததை எப்படி அடக்குவது? வளைவுக்கு வளைவு வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். கல்லாக இருந்தது. பத்து நிமிடம் தள்ளிப்போட்ட அலாரம் மறுபடி அடித்தது.

“முடியாதுங்க, நிறுத்துங்க!”

செக்போஸ்ட் கழிப்பறையருகே நிறுத்தினார்.

திரும்பி ஏறியதும், “சுகருங்களா?” என்றார்.

டியூப் கதை சொல்லக் கூச்சம். “ஆமாங்க.”

அரூர்வரை மொத்த பஸ்ஸும் வைத்தியம் சொன்னது. பக்கத்து சீட்டு அக்கா என் கடலைமிட்டாயையே பிடுங்கிக்கொண்டார்.

உங்களிடமும் வைத்தியம் இருந்தால் சொல்லுங்கள். சர்க்கரைக்கு வேண்டாம், கூச்சத்துக்கு.