நான் கேட்டு வாங்கிய படுக்கைப் பெட்டி

எங்கள் வீட்டில் ரயில் இருந்தது. இஞ்சின் இல்லை, தண்டவாளமும் இல்லை. ராயபுரத்தில் எங்கள் சந்துக்காரர்களுக்கு அது தீராத கேலி. "இன்னா மாமு, உன் ரயிலு எப்போ கெளம்பும்?" என்று வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவன்கூடக் கேட்டுவிட்டுத்தான் போவான். என் வீட்டுக்காரர் முகம் மாறாமல், "பெரிய மனுசங்க ஏறிக்கினுகீறாங்க, ஏறி முடிக்கட்டும்" என்பார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. சீமையில் ராஜாவும் பிரபுக்களும் போய்வந்த பழைய சொகுசுப் பெட்டிகளைப் பார்த்து, அப்படியே தகரத்தில் செய்த பொம்மைப் பெட்டிகள் அவை. ஒவ்வொன்றும் முழத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். துரைமார் ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் விடுவார்கள். பீரோ, பியானோ எல்லாம் போன பிறகு கடைசியில் குழந்தைகளின் பொம்மைக் கூடை வரும். மற்றவர்கள் கலைந்துவிடுவார்கள், இவர் மட்டும் நிற்பார். அப்படி நின்று நின்று ஆறு வருடத்தில் மூன்று பெட்டிகள் சேர்த்திருந்தார். ராஜா உட்கார்ந்து போகிற சலூன் பெட்டி ஒன்று, மேஜைக்கு மேஜை குட்டி விளக்கு வைத்த சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, சாய்வு நாற்காலி போட்ட பெட்டி ஒன்று. ஒரு கூடையில் அகப்பட்ட விளம்பரத் தாளில் நான்கு பெட்டிகளின் படம் இருந்தது. நான் கான்வென்டில் எட்டாவது வரை படித்தவள் என்பதால் படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்துச் சொன்னேன். நான்காவது, பணக்காரர்கள் படுத்துத் தூங்கிக்கொண்டே போகும் பெட்டி. அது அவருக்குக் கிடைக்கவே இல்லை.

அவர் வேலை ரயில் பெட்டிப் பட்டறையில், கோடு இழுப்பது. முதல் வகுப்புப் பெட்டியின் பக்கத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு மெல்லிய மஞ்சள் கோடு ஓடுமே, அதை இழுப்பவர். அந்தப் பெட்டிக்குள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஆனால் ஸ்டேஷனில் ஒரு வண்டி நின்றால் போதும், என்னை இழுத்துக்கொண்டு போய், "தோ பாரும்மே, அந்தக் கோடு நான் இஸ்த்தது" என்று காட்டுவார். நான் பார்ப்பது என்னவோ உள்ளே இருக்கும் மெத்தையை.

பொம்மைப் பெட்டிகளில் கோடுகளை இயந்திரத்தில் அச்சடித்திருந்தார்கள். ஜன்னலுக்கு மேலே கோடு கொஞ்சம் விலகியிருக்கும். வேறு யாராவது என்றால் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். இவருக்குத் தூக்கம் வராது. "சீமைக்காரனுக்குக் கோடு இஸ்க்கத் தெர்லியே!" என்று அந்த ஓரத்தைச் சுரண்டிவிட்டு, தானே புதிதாக இழுப்பார். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் இதுதான் வேலை. அணில் வால் முடியில் கட்டிய பிரஷ். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் அதை உதட்டில் வைத்து முறுக்கிக் கூராக்குவார். பட்டறையில் கோடு இழுக்கிற அத்தனை பேரும் அப்படித்தான். துணியில் துடைத்துக் கூராக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, "முடி நேரா கீதான்னு நாக்குக்குத்தான் தெரியும்" என்றார். அவர் உதட்டோரத்தில் எப்போதும் மஞ்சள் இருக்கும். மாம்பழம் தின்ற குழந்தை என்று நான் கேலி செய்வேன்.

முதலில் வந்தது வயிற்றுவலி. வயிறு கல் மாதிரி இறுகி, பாயில் உருளுவார். பிறகு ஒருநாள் காபி டம்ளரைத் தூக்கினார்; மணிக்கட்டு தொங்கிவிட்டது. காபி மடியில் கொட்டியது. அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோடு இழுக்கிற வலது கை. அது போனால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

தர்ம ஆஸ்பத்திரி டாக்டர் ஈறைப் பிதுக்கிப் பார்த்தார், மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார். "அந்த வேலைதான் கையைக் கெடுக்கிறது. மூணு மாசம் பட்டறைப் பக்கமே போகக் கூடாது. விலகி இருந்தால் கை பழையபடி திரும்பும்" என்றார். வெளியே நூறு பேர் வரிசை. அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்தச் சொல்லை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். பட்டறைச் சங்கு ஊதும் நேரத்தில் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பேன். "ஜெயில்ல போட்டுட்டியேம்மே" என்பார். முதல் மாத முடிவில் மணிக்கட்டு விரற்கடை அளவு தானாக எழும்பியது. அன்றைக்கு நான் மாதா கோவிலுக்கு ஓடிப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். ஆனால் மனிதர் மட்டும் சோர்ந்துகொண்டே போனார். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். கூப்பிட்டால் திரும்புவதில்லை.

துறைமுகத்து அதிகாரி ஒருவரின் மனைவிக்கு நான் லேஸ் பின்னிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா சீமைக்குக் கப்பலேறுகிற வாரம், "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றாள். கூடத்தில் தையல் மெஷின் இருந்தது. புத்தியுள்ளவள் அதைக் கேட்டிருப்பாள். என் கண் போனது தாழ்வாரத்துக் கூடைக்கு. அதில் தலைகீழாகக் கிடந்தது, உப்புக் காற்றில் ஓரம் துருப்பிடித்த படுக்கைப் பெட்டி. அதைத்தான் கேட்டேன். அவள் சிரித்தே விட்டாள்.

முந்தானையில் சுற்றி, துறைமுகத்திலிருந்து வீடு வரை நடந்தே வந்தேன். அவர் மடியில் வைத்தேன். தகரத்தைத் தடவித் தடவி அழுதார். பிறகு, "கோடு அழிஞ்சி போய்கீது பாரு. கொஞ்சம் இஸ்த்துட்டா சரியாப்பூடும்" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? பட்டறைக்குப் போவது வேலை, இது விளையாட்டு. டாக்டர் வேலைக்குத்தானே போகக் கூடாது என்றார்? இது கைக்குப் பயிற்சி என்றுகூட நினைத்தேன். துரு சுரண்டி, வெள்ளை பூசி, அது காய்ந்த பிறகு மஞ்சள். பெயிண்டைக் குழைத்துக் கொடுத்தது நான். மணிக்கட்டு தொய்ந்தபோது அடியில் என் கையைக் கொடுத்துத் தாங்கியதும் நான்தான். சின்ன ஜன்னல்கள், நூலளவு கோடுகள். ஒவ்வொன்றுக்கும் பிரஷ் உதட்டுக்குப் போய் வந்தது. கோடு கோணினால் அழித்து மறுபடி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்பது போய், தினமும் ஆயிற்று. இரண்டு மாதம் அவர் சிரித்த முகமாக இருந்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு நெருக்கமாக நாங்கள் உட்கார்ந்திருந்தது அப்போதுதான்.

மூன்றாம் மாத முடிவில் வலது கை முழுக்க விழுந்தது. இடதும் தொங்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு இரண்டுமே திரும்பவில்லை. அவர் சாகிற வரைக்கும் சோறு ஊட்டிவிட்டது நான்தான். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நான் எழுத உட்கார்ந்தது, அந்த மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரியில் நடந்ததை.

அதே டாக்டர். இரண்டு கைகளையும் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "உங்க பெயிண்டில் ஈயம் இருக்கிறது. வெள்ளையிலும் இருக்கிறது, மஞ்சளிலும் இருக்கிறது. கோடு இழுக்கிறவர்கள் எல்லாரும் பிரஷ்ஷை வாயில் வைக்கிறீர்கள், அது உள்ளே போய் நரம்பைத் தின்கிறது. மூணு மாசம் விட்டிருந்தால் கை பிழைத்திருக்கும். உண்மையைச் சொல், பிரஷ்ஷைத் தொட்டாயா?"

குழைத்துக் கொடுத்த என் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. "தொட்டேங்க ஐயா. வூட்ல சொல்லாம பட்டறைக்குப் போய்க்கினு இருந்தேன். அவளுக்கு ஒண்ணியும் தெரியாது" என்றார்.

டாக்டர் மேஜையைத் தட்டினார். அத்தனை பேர் முன்னால் திட்டித் தீர்த்தார். அறிவிருக்கிறதா, குடும்பத்தை நினைத்தாயா, நடுத்தெருவில் நிறுத்திவிட்டாயே என்றெல்லாம் கேட்டார். இவர் தொங்கிய கைகளோடு, "தப்புதாங்க ஐயா, தப்புதாங்க" என்று நின்றார்.

பிறகு டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். "நீ என்னம்மா செய்வாய், பாவம். உன்னால் முடிந்த வரை காவல் காத்திருப்பாய்."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.