கோட்டுக்கு மேலே

எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு நிறம் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே அரக்கு, மேலே வெளிர் நீலம். வருகிறவர்கள் எல்லோரும் "புது டிசைனா இருக்கே" என்பார்கள். நானும் தலையாட்டிவிடுவேன். டிசைனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பெண்ணையாறு பெருகி, கடலூரில் நாங்கள் இருக்கும் செம்மண்டலத்துக்குள் வந்த வருஷம் எங்கள் வீட்டில் தண்ணீர் நின்ற உயரம் அது.

தண்ணீர் வடிந்த பிறகு சுவரைச் சுற்றிச் சேற்றுக்கோடு ஒன்று படிந்திருந்தது. பெயிண்டரிடம் அதை மறைத்து அடிக்கச் சொன்னேன். என் மனைவி விடவில்லை. "மறைச்சிட்டா மறந்துடுவ மாமா. இருக்கட்டும் அது" என்றாள். அவள் என் அத்தை மகள். கல்யாணத்துக்கு முன்பும் மாமாதான், கடைசிவரை மாமாதான். எங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அந்தப் பெயிண்டர்தான் இரண்டு நிறம் அடிக்கலாம் என்று சொல்லி எங்களைச் சமாதானப்படுத்தினார்.

எங்கள் இரண்டு குடும்பமுமே கடலை நம்பிப் பிழைத்தவை. என் அப்பா மட்டும் வலையை விட்டுவிட்டுப் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அதனால் நான் கரும்புக்கு நடுவே வளர்ந்தேன். படித்துவிட்டு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலைக்கு வந்தேன், அங்கேயே ரிட்டயர்டு ஆனேன். அவள் கடலூருக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். தண்ணீரைப் பற்றி நான் எதைச் சொன்னாலும், "கரும்பு தின்னு வளந்த ஆளுக்கு தண்ணியப் பத்தி இன்னா தெரியும்?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள். உண்மையிலேயே எனக்கு ஒன்றும் தெரியாதுதான். அந்த வருஷம் ஆறு வருகிறது என்று தெருவில் மைக் கட்டிய ஆட்டோ கத்திக்கொண்டு போனபோது, இங்கே எல்லாம் வராது என்று சொல்லி டீ போடச் சொன்னவன் நான்.

அன்றைக்கு அரிசி மூட்டை போனது. பீரோவின் அடித்தட்டில் இருந்த துணிகள் போயின. மகளின் சர்டிபிகேட் எல்லாம் ஊறிப்போய், மொட்டை மாடியில் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தோம். சமையலறை கேஸ் சிலிண்டர் கூடத்தில் மிதந்து வந்து என் முழங்காலில் இடித்தது. அதைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள்.

அதன்பின் எங்கள் வீட்டில் ஒரே சட்டம்தான். நனைந்தால் கெட்டுப்போகும் பொருள் எதுவும் கோட்டுக்குக் கீழே இருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜுக்கு இரும்பு ஸ்டாண்டு. வாஷிங் மெஷினுக்குச் சிமெண்டு மேடை. இன்வெர்ட்டர் பேட்டரி பரணில். அரிசி, பருப்பு, புளி, மிளகாய், கருவாடு எல்லாம் காலியான பெயிண்ட் வாளிகளில் மூடி போட்டு உயரமான ஷெல்ஃபில் இருந்தன. தீப்பெட்டியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ரப்பர் பேண்டு போடுவாள். வெறும் கவர் ஒன்றைக்கூட அவள் குப்பையில் போட்டு நான் பார்த்ததில்லை, கழுவிக் காயவைத்து மடித்துவிடுவாள். சிலிண்டரை நைலான் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு கட்டிவைத்தாள். அது படகைக் கட்டுகிற முடிச்சு. இழுத்தால் இறுகும், அவள் கை பட்டால் மட்டும் அவிழும். சிலிண்டர் மாற்ற வருகிற தம்பிகள் ஒவ்வொரு முறையும் அதோடு மல்லுக்கட்டிவிட்டு அவளைக் கூப்பிடுவார்கள்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஸ்விட்ச் போர்டையெல்லாம் தலை உயரத்துக்கு ஏற்றச் சொன்னாள். எனக்கே கையைத் தூக்கித்தான் லைட் போட வேண்டியிருந்தது. டி.வி.யை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி வந்தது. கட்டிலின் காலுக்கெல்லாம் செங்கல் அடுக்கி உயர்த்திவிட்டாள். அதில் ஏறிப் படுப்பது பஸ் கூரையில் ஏறுவது மாதிரி. "நாம வீட்டுக்குள்ள இருக்கோமா, மரத்து மேல இருக்கோமா?" என்று கேட்பேன். "கீழ இருக்கணும்னா நீ இரு. நான் மேலதான் இருப்பேன்" என்பாள்.

மகளைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்தோம். மருமகன் நல்ல பிள்ளை. ஒரு தீபாவளிக்கு எங்களுக்கு சோபா வாங்கித் தருகிறேன் என்றார். நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன். அவள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "வேணாம் தம்பி. ஊறிப்போச்சுன்னா அத வெளிய தூக்கிப் போட ஆள் கெடைக்காது. பிளாஸ்டிக் சேர் போதும்." அவ்வளவுதான். இந்த வீட்டில் இன்றைக்கும் பிளாஸ்டிக் நாற்காலிதான். எனக்கு அப்போது கோபம்தான். சொந்த வீட்டில் சாய்ந்து உட்கார ஒரு இடம் இல்லையே என்று முனகிக்கொண்டே இருந்தேன். ஆனாலும் ஐப்பசி பிறந்து மேகம் இருட்டிக்கொண்டு வரும்போது, ஊரே அதையும் இதையும் தூக்கிக்கொண்டு ஓடுகையில், நாங்கள் இருவரும் கட்டில்மேல் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வறுத்த கடலை தின்போம். அந்தச் சமயங்களில் அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

ஒரு நாள் காலை கோலம் போடக் குனிந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். உயிர் மீண்டது, வாய் கொஞ்சம் கோணிக்கொண்டது, பேச்சு குழறினாலும் புரிந்தது. கையும் காலும்தான் முழுதாகத் திரும்பி வரவில்லை. மகள் தன் வீட்டிலேயே இருக்கச் சொன்னாள். "எம் வீட்டுக்குப் போறேன்" என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள். நின்றாள் என்று எழுதுகிறேன், பாருங்கள். பழக்கம்.

வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் உறைத்தது. தண்ணீர் எட்டக் கூடாது என்று இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துச் செய்த வீட்டில் அவளுக்கு எட்டுகிற பொருள் ஒன்றுகூட இல்லை.

பயிற்சி கொடுக்க வந்த பெண், உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிய வேண்டும், கட்டிலை இறக்குங்கள் என்றாள். என் மனைவியின் தம்பி வந்தான். இன்னமும் கடலுக்குப் போகிறவன், எனக்கு மச்சான். அவனும் நானுமாக அவளை நாற்காலிக்கு மாற்றிவிட்டு, கட்டிலைத் தூக்கிப் பிடித்துச் செங்கல்லை ஒவ்வொன்றாக உருவினோம். திரும்பப் படுக்க வைத்தோம். அவள் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். கண்ணுக்கு நேராக அரக்கு நிறம். நீலம் எங்கேயோ மேலே இருந்தது.

"என்னக் கீழ எறக்கிட்டியே மாமா" என்றாள்.

மச்சான் செங்கல்லை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டான். டாக்டர் சொன்னது, பயிற்சிக்காரப் பெண் சொன்னது என்று எதையோ உளறினேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

ஒரு மாலை மருந்துக் கடைக்குப் போய்த் திரும்ப நேரமாகிவிட்டது. வீடு இருட்டாக இருந்தது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன், ஆனால் பக்கத்து வீட்டில் லைட் எரிந்தது. உள்ளே போய் ஸ்விட்சைப் போட்டேன். அவள் நாற்காலியில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எப்படியோ எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அதுவரை நடந்திருக்கிறாள். நிற்க முடியாமல் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையை நீட்டிப் பார்த்திருக்கிறாள்.

"ஸ்விட்சு எட்டல மாமா" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. யாரோ ஒருத்தி செய்த மடத்தனத்தைச் சொல்வது போலச் சொன்னாள். அன்றைக்கு நான் அடுப்படியில் நின்று வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதேன்.

எல்லாவற்றையும் இறக்கிவிடலாம் என்றேன். மழைக்காலம் போகட்டும் என்று தள்ளிப்போட்டாள். மழை போனதும், கோடை போகட்டும் என்றாள். பிறகு ஒரு நாள் அவளாகவே, "எறக்கிடு மாமா. எனக்குத் தண்ணிகூட நீ வந்துதான் எடுத்துத் தரவேண்டியிருக்கு" என்றாள். அதே எலக்ட்ரீஷியன் வந்தார். போர்டுகளைக் கோட்டுக்குக் கீழே கொண்டுவந்தார். அரிசி வாளி, பருப்பு வாளி, மருந்து டப்பா, அவளுடைய நைட்டிகள் எல்லாம் தரையோரம் வந்தன. ஒவ்வொரு பொருள் இறங்கும்போதும் அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சொந்தக்காரர்களை பஸ் ஏற்றிவிடுகிற முகம். வீடு மற்ற வீடுகளைப் போல ஆகிவிட்டது. லைட் போடுவது எனக்கும் சுலபமாகத்தான் இருந்தது. அந்தச் சுலபம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

அந்த ஐப்பசியில் மைக் கட்டிய ஆட்டோ மறுபடி வந்தது. ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள், தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் பத்திரமான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிக்கொண்டு போனது. இந்த முறை நான் டீ கேட்கவில்லை. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக மேலே ஏற்றினேன். அவள் கட்டிலில் படுத்தபடி அதிகாரம் செய்தாள்.

"அரிசிய மொதல்ல ஏத்து. மூடிய அழுத்து. நல்லா அழுத்து மாமா, பலமே இல்லியா?"

"ஏத்தறேன், ஏத்தறேன்."

"சிலிண்டர கட்டு."

கட்டினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அது நிக்காது. வேட்டிக்குப் போடுற முடிச்சு அது" என்றாள். அவிழ்த்து மறுபடி கட்டினேன். அவள் இடது கையால் காற்றில் முடிச்சுப் போட்டுக் காட்டினாள். வலது கை இல்லாமல் அந்த முடிச்சு விழாது. கொஞ்ச நேரம் முயன்றுவிட்டுக் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

எல்லாம் மேலே போயிற்று. நான் மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தேன். மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று கூடத்தை ஒரு சுற்று பார்த்தேன். அந்த வீட்டில் கோட்டுக்குக் கீழே இருந்தது அவள் ஒருத்திதான். அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் போல. "என்ன எப்பிடி ஏத்துவ மாமா?" என்று கேட்டு, கோணிய வாயோடு சிரித்தாள். மாடிப்படி வெளிப்பக்கம், அதுவும் செங்குத்து. எனக்கு இருக்கிற முழங்காலுக்கு நான் ஏறுவதே பெரும்பாடு. அந்த மாதிரி பயம் எனக்கு எப்போதும் வந்ததில்லை. என் கண் எதிரே தண்ணீர் வந்தால் நான் என்ன செய்வேன்?

மச்சானுக்குப் போன் போட்டேன். மீன் ஏற்றுகிற குட்டி வண்டியில், பின்னால் மெத்தை போட்டு, தார்ப்பாய் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். கருவாட்டு வாசனையோடு சிதம்பரம் போனோம். வழியெல்லாம் மழை. அவள் என் மடியில் தலை வைத்து, "நம்ம குப்பத்து வாசன மாமா" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். மகள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, மச்சான் ஒரு பக்கமும் மருமகன் ஒரு பக்கமுமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னால் நான் அவள் செருப்பை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

"இங்க தண்ணி வராதும்மா. ரெண்டு மாடி ஒசரத்துல இருக்க" என்றாள் மகள். இவள் சுவரையெல்லாம் பார்த்தாள். வெள்ளைச் சுவர். "கோடு எங்க?" என்று என்னைக் கேட்டாள். இங்கே கோடே கிடையாது என்றேன். அவளுக்கு அது சரியாகப் படவில்லை. தினமும் எழுந்ததும் கேட்பது ஒன்றுதான்: "வீட்டுல தண்ணி வந்துச்சா?" பக்கத்து வீட்டில் விசாரித்து, தெருவோடு நின்றுவிட்டது என்று சொல்வேன். "ஆறு இன்னும் அடங்கல மாமா. வரும்" என்பாள்.

வரவில்லை. மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில், மகள் ஊட்டிய இட்லியைப் பாதியிலேயே போதும் என்று சொல்லிவிட்டுச் சாய்ந்தாள். அந்த வாதம் இரண்டாவது முறை வந்தது, அதோடு அவளைக் கொண்டுபோய்விட்டது.

கடலூருக்குக் கொண்டுவந்தோம். வீடு நாங்கள் விட்டுவிட்டுப் போனபடியே இருந்தது. தரை காய்ந்து, தூசி படிந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. அத்தனை சாமானும் மேலே பத்திரமாக இருந்தன. எனக்கு அந்த ஆற்றின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வந்து தொலைத்திருந்தாலாவது அவள் சொன்னது பலித்திருக்கும். அவள் வாங்கவிடாத சோபா, செங்கல் வைத்து உயர்த்திய கட்டில், இருட்டில் நீட்டிய கை, எல்லாம் வராத தண்ணீருக்காக என்று நினைக்கையில் நெஞ்சு எரிந்தது. அரிசி வாளியைத் திறந்தேன். ஒரு வண்டுகூட இல்லை. அதில்தான் வந்தவர்களுக்குச் சமைத்தார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள், மகள் அவள் படத்தைச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தாள். எனக்கு முழங்கால் வலி, ஸ்டூல் ஏற முடியாது, பூ வைக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்தால் எட்டுகிற இடத்தில், அரக்கு நிறத்தில் ஆணி அடித்திருந்தாள். நான் பார்த்தேன். சுத்தியலைத் திருப்பி அந்த ஆணியைப் பிடுங்கினேன்.

"என்னப்பா செய்ற?"

"மேல அடி. நீலத்துல அடி."

"அப்பா, ஒனக்கு எட்டாதுப்பா."

"எட்டலன்னா பரவால்ல. அவள இன்னொரு தடவ என்னால கீழ எறக்க முடியாது" என்றேன்.

மகள் போய் ஸ்டூலை எடுத்து வந்து போட்டாள்.