இட்லியுடன் நடந்த பேச்சுவார்த்தை

எங்கள் வீட்டுக்கு உலகச் செய்தியெல்லாம் ஒரு நாள் தாமதமாகத்தான் வந்து சேரும். அப்பா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தார். வெளிநாட்டுக்காரர்கள் படிப்பதற்காக அங்கே ஓர் ஆங்கிலப் பேப்பர் வாங்குவார்கள். மறுநாள் அது அப்பாவின் சாப்பாட்டுப் பையில் மடங்கி எங்கள் வீட்டுக்கு வரும். குறுக்கெழுத்தை யாரோ பாதி நிரப்பியிருப்பார்கள், முதல் பக்கத்தில் காபி டம்ளரின் வட்டம் பதிந்திருக்கும். அறை எண், வெந்நீர் நேரம், செருப்பை வெளியே விடுங்கள்: அப்பாவின் ஆங்கிலம் அவ்வளவுதான். அம்மாவுக்கு அதுவும் கிடையாது. பேப்பர் முழுக்க எனக்கும் சித்திக்கும் சொந்தம்.

சித்தி அம்மாவின் தங்கை. தமிழ் வழியில் பி.காம் முடித்துவிட்டு எங்கள் வீட்டிலேயே தங்கி வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கணக்கெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலத்தில்தான் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். நான் ஐந்தாம் வகுப்பில் அதே ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஆக, எங்களுக்குள் ஒரு கூட்டணி.

தினம் ஒரு செய்தி. தெரியாத வார்த்தைக்கெல்லாம் அடிக்கோடு போட்டு, தலையணை கனத்துக்கு இருந்த அகராதியில் அர்த்தம் தேட வேண்டும். அதன் பிறகுதான் விளையாட்டே. அந்த வார்த்தைகளை வைத்து எங்கள் வீட்டில் நடந்ததை ஒரு நோட்டில் ஆங்கிலத்தில் செய்தியாக எழுத வேண்டும். யார், எங்கே, என்ன என்பது முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும், வயதையும் போட வேண்டும் என்பது சித்தியின் சட்டம். மலைப்பக்கமிருந்து வந்த குரங்குகள் மொட்டை மாடியில் புகுந்து வடகத்தைச் சூறையாடின, உயிர்ச்சேதம் இல்லை என்று எழுதினேன். குளியலறைக் குழாய் ஒழுகுவது குறித்து விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அப்பா (43) மீண்டும் உறுதியளித்தார் என்று சித்தி எழுதினாள். நான் எழுதியதை அவள் பென்சிலால் திருத்துவாள். அவள் எழுதியதை நான் திருத்துவேன், பெரும்பாலும் தப்பாக. எங்களுக்குள் ஒரே சண்டை, நான் பக்கத்தின் ஓரத்தை மடித்து அடையாளம் வைப்பதுதான். "நோட்டுக்குக் காதைத் திருகாதடி" என்று தலையில் குட்டுவாள். நான் மடித்துக்கொண்டேதான் இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆரணியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு பெங்களூரில் கம்பெனி வேலை. பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று அவர்களே பார்த்துச் சொல்லியனுப்பினார்கள். தாத்தா போன பிறகு சித்தியின் கல்யாணப் பொறுப்பு அப்பாவின் தலையில் இருந்தது, அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரே ஒரு சங்கதி. கல்யாணத்துக்குப் பிறகு பரீட்சை, வேலை என்கிற பேச்செல்லாம் வேண்டாம் என்று மாப்பிள்ளையின் அப்பா போனிலேயே சொல்லிவிட்டார். சித்தியின் தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

"மாமா, இந்த ஒரு வாட்டி எழுதிடறேன். அப்புறம் நீங்க சொன்ன மாதிரி கேக்கறேன்" என்றாள் சித்தி.

"நல்ல இடம்மா. தள்ளிப் போட்டா கைய விட்டுப் போயிடும்" என்றார் அப்பா.

சித்தி சாப்பிடுவதை நிறுத்தினாள். அம்மா இட்லித் தட்டோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் அழுதாள். எனக்கு அதுவரை குரங்கையும் குழாயையும் விட்டால் செய்தியே கிடைத்ததில்லை. மடமடவென்று ஒரு பக்கம் எழுதித் தள்ளினேன். பட்டினி கிடந்த அந்த நிலையிலும் சித்தி பென்சிலை எடுத்து அதில் நான்கு தப்பைத் திருத்திக் கொடுத்தாள். மூன்றாம் நாள் காலையில் தானாகவே எழுந்துவந்து ஐந்து இட்லி சாப்பிட்டாள். சம்மதித்துவிட்டாள் என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பௌர்ணமியன்று அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள், பெண்ணையும் பார்த்த மாதிரி, கிரிவலமும் போன மாதிரி. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டதால் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து சேர்ந்தார்கள். சித்தி ஊதாப் பட்டுப்புடவையில் வந்து காபி கொடுத்துவிட்டு உள்ளறைக் கதவோரம் போய் நின்றுகொண்டாள். ஜாதகம், வெயில், கூட்டம் எல்லாம் பேசி முடிந்து, மேற்கொண்டு என்ன பேசுவதென்று தெரியாத அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பிடித்தார்.

"பாப்பா, இங்கிலீஷ்லாம் வருமா?"

அப்பா இதற்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்தார். "பேப்பரே படிப்பா. சொந்தமா எழுதறா வேற. போய் நோட்டை எடுத்தாம்மா."

எப்போதும் தையல் மிஷினுக்கு அடியில் கிடக்கும் நோட்டு அன்று டிவி மேல் கைக்கெட்டும்படி இருந்தது. நடுவில் ஒரு பஸ் டிக்கெட் நீட்டிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கத்தையே திறந்து, பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று, உரக்க ஆங்கிலத்தில் படித்தேன். அதன் தமிழ் இதுதான்:

'திருமணத்தை எதிர்த்து இரண்டாவது நாளாக உண்ணாவிரதம். திருவண்ணாமலை: வங்கித் தேர்வு எழுதும்வரை திருமணம் வேண்டாம் என்று வலியுறுத்தி சித்தி (23) உணவு உட்கொள்ள மறுத்து வருகிறார். அவரது கோரிக்கையை அப்பா நிராகரித்தார். அம்மா இட்லியுடன் நடத்திய பேச்சுவார்த்தை தோல்வியில் முடிந்தது. இதற்கிடையே, சித்தி இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டதாக நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன.'

உச்சரிப்பிலேயே குறியாக இருந்த எனக்கு, என்ன படிக்கிறோம் என்பது இட்லி வரும்போதுதான் உறைத்தது. அதற்குமேல் நிறுத்த முடியாது, அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மாப்பிள்ளையின் அம்மா, "என்னமா படிக்குது பாரேன்!" என்று கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். மாப்பிள்ளைக்கு மட்டும் வாழைப்பழ வரியில் காபி புரையேறிவிட்டது. இருமி முடித்து, என்னிடம் ஆங்கிலத்தில் தேர்வு எப்போது என்று கேட்டார். அடுத்த மாதம் என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"பாத்தீங்களா, இங்கிலீஷ்லயே பதில் சொல்றா!" என்று அப்பா தொடையைத் தட்டினார். மாப்பிள்ளை கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் காபியை மெதுவாகக் குடித்து முடித்தார்.

மூன்றாம் நாள் போன் வந்தது. இன்னொரு ஜோசியரிடம் காட்டினார்களாம், ஜாதகம் ஒத்துவரவில்லையாம். "எட்டுப் பொருத்தம்னு அவங்கதானே சொன்னாங்க?" என்று அப்பா அம்மாவிடம் பத்து முறையாவது கேட்டிருப்பார். எனக்குத்தான் காரணம் தெரியுமே. மொட்டை மாடியில் படித்துக்கொண்டிருந்த சித்தியிடம் போய், என்னால்தான் உன் கல்யாணம் நின்றுபோச்சு என்று விம்மி விம்மி அழுதேன். அவள் என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"ரிப்போர்ட்டர் அழக் கூடாதுடி. நடந்ததைத்தானே எழுதின?" என்றவள், மூக்கை இன்னொரு தரம் துடைத்துவிட்டு, "அந்த வாழப்பழத்த மட்டும் போடாம இருந்திருக்கலாம்" என்றாள்.

அந்த முறை சித்தி தேர்வில் ஜெயித்தாள். இப்போது வேங்கிக்கால் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி. தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு நன்றாக இருக்கிறாள். ஆனாலும் கெட்டிக்காரத்தனம் காட்டப் போய் ஒரு கல்யாணத்தைக் கெடுத்தவள் என்கிற உறுத்தல் எனக்குள் வெகுகாலம் இருந்தது.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அந்த நோட்டு அகப்பட்டது. பக்கத்துக்குப் பக்கம் நான் திருகிய காதுகள். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் ஓரம் மடிக்கப்படவில்லை. நடுவில் அதே பஸ் டிக்கெட், மங்கிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தமிழில் கேட்டும் பட்டினி கிடந்தும் கிடைக்காத ஒன்றை, அத்தனை பேர் நடுவில் ஒரே ஓர் ஆளுக்குப் புரியும்படி சொல்ல அவளுக்கு ஒரு வாய் வேண்டியிருந்திருக்கிறது. பரிசு வாங்கப் போகிறவள் போல நிமிர்ந்து நின்ற எனக்கு அது தெரியவில்லை.

அன்று சாயங்காலமே சித்தியின் வீட்டுக்குப் போய், டிக்கெட்டை நீட்டி, நீதானே வைத்தாய் என்று கேட்டேன். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், சிரித்தாள், எனக்குக் காபி போட எழுந்து போனாள். கருத்துத் தெரிவிக்க மறுத்துவிட்டாள்.